முன்வரிசையில் ஐந்து பேர்

தம்பி சாமியாராகப் போகிறேன் என்று சொன்ன நாளில் எங்கள் வீடு சாவு விழுந்த வீடு மாதிரி இருந்தது என்று சொன்னால் அது சாவுக்குச் செய்கிற அவமரியாதை. சாவு வீட்டில் யாராவது ஒருத்தர் எழுந்து காபியாவது போடுவார்கள்.

அம்மா அடுப்பை அணைத்துவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அத்தை, அதாவது அப்பாவின் அக்கா, தன் மகளுக்கு அவனை முடிவு பண்ணி வைத்திருந்தவள். கல்யாணம் நின்றுபோன கணக்காகக் கூடத்தில் உட்கார்ந்து மூக்கைச் சிந்தினாள். அவள் மகள் மட்டும் நிம்மதியாக இருந்தாள். அந்தப் பெண்ணிடம் முன்னாலும் யாரும் கேட்டதில்லை, அன்றைக்கும் கேட்கவில்லை. அப்பா சர்வேயர். முப்பது வருஷம் ஊரார் வேலித் தகராறுகளுக்கு நடுவே சங்கிலி பிடித்தவர். அவர் கல் நட்டால் நட்டதுதான்.

"போறதா இருந்தா போ. போனா திரும்பி வராத. எனக்கு ஒரு பொண்ணு மட்டும்தான்னு நினைச்சுக்கறேன்" என்று சொல்லிவிட்டுத் தட்டை எடுத்துவைத்துச் சாப்பிட உட்கார்ந்தார். சாப்பாடு இல்லை என்பது உட்கார்ந்த பிறகுதான் அவருக்குத் தெரிந்தது.

அந்த ஒரு பொண்ணு நான். மூக்குக் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிற வேலை. கிட்டத்தில் இருப்பது தெரியாதவர்கள், தூரத்தில் இருப்பது தெரியாதவர்கள் என்று இரண்டு ஜாதி மனிதர்கள் தினமும் கடைக்கு வருவார்கள். எங்கள் வீட்டில் இரண்டும் சேர்ந்தவர்கள் உண்டு.

தம்பி போய்விட்டான். ஒரு வெளிநாட்டுக் கத்தோலிக்கச் சபையில் சேர்ந்து, அங்கேயே குருமடத்தில் படித்தான். மாதம் ஒரு கடிதம் வரும். அம்மா படித்துவிட்டு மேஜை இழுப்பறையில் வைப்பாள். அப்பா அந்தப் பக்கம் திரும்பியும் பார்க்க மாட்டார். ஆனால் மறுநாள் பார்த்தால் கடிதம் ஓரத்தோடு ஓரம் பிசகாமல் மடிக்கப்பட்டிருக்கும். அம்மாவுக்கு ஒரு துண்டைக்கூட நேராக மடிக்க வராது.

ஒன்பது வருஷம் கழித்து அழைப்பிதழ் வந்தது. கெட்டிக் காகிதம், மேலே ஆயரின் முத்திரை, நடுவில் குருத்துவ அருட்பொழிவு என்று தம்பி தன் கையால் எழுதிச் சேர்த்த தமிழ், அதாவது அவனுக்குச் சாமியார் பட்டம் கொடுக்கிற சடங்கு. அன்று சாயங்காலத்திலிருந்து எங்கள் குடும்ப வரலாறு திருத்தி எழுதப்பட்டது.

"நம்ம வம்சத்துல ஒருத்தன் பீடம் ஏறுவான்னு நான் அப்பவே சொன்னேன்" என்றாள் அத்தை. அப்போது அவள் சொன்னது வேறு. அதை இங்கே எழுத முடியாது.

"பிள்ளைங்க விருப்பத்துக்கு நான் என்னைக்கு குறுக்க நின்னுருக்கேன்" என்று அப்பா பக்கத்து வீட்டுக்காரரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். அம்மா பெட்டியை இறக்கித் தூசி தட்டினாள்.

விசா படிவத்தில் பயணத்தின் நோக்கம் என்ற இடத்தில் தொழில், படிப்பு, சிகிச்சை, திருமணம், இதர என்று ஐந்து கட்டங்கள் இருந்தன. இதர என்று போட்டால் தனியாக விளக்கக் கடிதம் வைக்க வேண்டும். "கல்யாணம்னு போடு. அதுவும் ஒரு திருவருட்சாதனம், இதுவும் ஒரு திருவருட்சாதனம். கடவுளுக்குத் தெரியும்" என்றாள் அத்தை. கடவுளுக்குத் தெரிந்தது. போய் இறங்கின விமான நிலையத்தில் முத்திரை குத்துகிற அதிகாரிக்குத் தெரியவில்லை.

"மணமகன் யார்?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"என் மகன்" என்றார் அப்பா.

"மணமகள்?"

அப்பா என்னைப் பார்த்தார். நான் அம்மாவைப் பார்த்தேன். அத்தை எங்களை விலக்கிக்கொண்டு முன்னால் வந்து "சர்ச்" என்றாள்.

"திருமணம் நடக்கிற இடத்தைக் கேட்கவில்லை. பெண் யார்?"

"சர்ச்தான் பொண்ணு" என்று தமிழிலேயே சொன்னாள் அத்தை, அந்த ஆள் மறுஞாயிறு மறைக்கல்விக்கு வரப்போகிறவர் மாதிரி.

அதிகாரி இன்னொருவரைக் கூப்பிட்டார். அவர் மூன்றாமவரைக் கூப்பிட்டார். நாங்கள் ஒரு மணி நேரம் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தோம். கடைசியில் அழைப்பிதழை விரித்துக் காட்டியதும் விட்டார்கள். கல்யாணம் என்று பொய் சொன்ன குடும்பத்தை இதற்குமேல் வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று அவர்களுக்கும் தோன்றியிருக்கும்.

தம்பி வெளியே நின்றிருந்தான். இளைத்திருந்தான், முன்மண்டையில் முடி பின்வாங்கியிருந்தது. ரொட்டிக் கடை வேன் ஒன்றை இரவல் வாங்கி ஓட்டிவந்திருந்தான். உள்ளே இருக்கையெல்லாம் மாவு. அம்மா அவனைக் கட்டிக்கொண்டு அழுதாள். அத்தை அவன் கையை முத்தமிட்டு, "ஃபாதர், நல்லா இருக்கீங்களா" என்றாள். "இன்னும் ரெண்டு நாள் இருக்கு அத்தை, அதுவரைக்கும் டா போட்டே கூப்பிடுங்க" என்றான். அப்பா பெட்டிகளை எண்ணிக்கொண்டிருந்தார். நான்கு பெட்டிதான். இரண்டு தடவை எண்ணினார். பிறகு என்னிடம் சொன்னார்:

"எவ்வளவு நேரம் ஆகும்னு கேளு."

தம்பி ஒரு அடி தூரத்தில் நின்றிருந்தான். "நாப்பது நிமிஷம்னு சொல்லுக்கா" என்றான்.

"நாப்பது நிமிஷமாம்பா" என்றேன். வெளிநாட்டுக்குப் போனால் மொழிபெயர்ப்பாளர் வேண்டியிருக்கும் என்று தெரியும். தமிழிலிருந்து தமிழுக்கு வேண்டியிருக்கும் என்று தெரியாது.

தம்பி தங்கியிருந்த கோவிலில், மண்டபத்துக்கு மேலே இரண்டு அறைகள் கொடுத்தார்கள். மடக்குக் கட்டில்கள், அறைக் குளிருக்குச் சுவரோரமாக டக் டக் என்று சத்தம் போடுகிற சூடு குழாய், தாழ்ப்பாள் இல்லாத ஒரு குளியலறை. உள்ளே ஆள் இருப்பது தெரிய ஏதாவது பாடிக்கொண்டே குளிக்க வேண்டும். அத்தை ஜெபமாலையின் ஐம்பத்து மூன்று மணிகளையும் ராகம் போட்டு முடித்துவிட்டுத்தான் வெளியே வருவாள். அதற்குள் வெந்நீர் தீர்ந்துவிடும்.

அம்மா முதல் காரியமாகத் தம்பியின் அறையைச் சோதனை போட்டாள். இரும்புக் கட்டில், மேஜை, இரண்டு கறுப்புச் சட்டை, குதிகால் தேய்ந்த ஒரு ஜோடி ஷூ. கதவுக்குப் பின்னால் மாவுக் கறை படிந்த ஒரு வெள்ளை மேலங்கி தொங்கியது.

"இது எதுக்குடா?"

"ரொட்டிக் கடைல ஆள் இல்லன்னா கூப்பிடுவாங்கம்மா. போய் ஒத்தாசை பண்ணுவேன்."

"சாமியாருக்குப் படிக்கிறவன் மாவு பிசையறானா" என்றாள் அத்தை. "ஊர்ல சொல்லாதீங்க யாரும்."

அன்று மதியம் கோவிலைக் கவனித்துக்கொள்கிற அம்மாள் ஒரு தாளைக் கொண்டுவந்து கொடுத்தாள். முன்வரிசை பெஞ்சில் குடும்பத்தாருக்கு ஐந்து இடம். அப்பா, அம்மா, அக்கா, அத்தை. ஐந்தாவதாக ரொட்டிக்காரர்.

"யாரு அது?" என்றாள் அத்தை.

"எனக்கு வேண்டியவர்" என்றான் தம்பி.

"நமக்கு வேண்டியவங்க எத்தனையோ பேர் இருக்காங்க. அவங்களையெல்லாம் கூட்டிட்டா வந்தோம்? முன்வரிசை ரத்த சொந்தத்துக்கு. எனக்குப் பக்கத்துல பையை வைக்கவே ஒரு இடம் வேணும்."

அப்பா சட்டைப் பையிலிருந்து டேப்பை எடுத்தார். ஓய்வு பெற்ற பிறகும் அது இல்லாமல் அவர் வாசல் தாண்டுவதில்லை. கீழே போய் பெஞ்சை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை அளந்தார். "ரெண்டு மீட்டர் நாப்பது. ஆளுக்கு நாப்பத்தஞ்சு சென்டிமீட்டர் வெச்சா அஞ்சு பேர் உக்காரலாம். பதினஞ்சு மிச்சம், பையை வெச்சுக்கலாம்" என்று எங்களுக்குப் பொதுவாக அறிவித்தார். அத்தைக்கு நாற்பத்தைந்து எந்தக் காலத்திலும் போதாது என்பது எல்லாருக்கும் தெரியும். அளவு என்று வந்துவிட்டால் அக்கா தம்பி பார்க்க மாட்டார்.

மறுநாள் காலை ரொட்டிக்காரரே வந்துவிட்டார். அறுபது வயது இருக்கும். பெரிய உருவம், புருவத்தில்கூட மாவு. ஒரு கூடை நிறைய சூடான ரொட்டி கொண்டுவந்திருந்தார். மண்டபத்துச் சமையலறை மேஜையைச் சுற்றி எல்லாரும் உட்கார்ந்தோம். அவர் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு மூன்று நிமிஷம் விடாமல் பேசினார். கண் கலங்கியது. காற்றில் டெலிபோன் எண்ணைச் சுற்றிக் காட்டினார். தலையில் கை வைத்துக்கொண்டார்.

"என்னடா சொல்றாரு?" என்றாள் அம்மா.

"நான் நல்லா வேலை செய்வேன்னு சொல்றாரு" என்றான் தம்பி.

மூன்று நிமிஷப் பேச்சு இவ்வளவு சின்னதாகச் சுருங்காது என்று அந்த மொழி தெரியாதவருக்கும் புரியும். ரொட்டிக்காரருக்கும் புரிந்தது. தம்பியைச் சந்தேகமாகப் பார்த்துவிட்டுத் தன் செல்போனை எடுத்தார். ஏதோ அழுத்தி, அதன் வாயருகே பேசி, மேஜை நடுவில் வைத்தார். "வேண்டாம்" என்று தம்பி அந்த மொழியில் சொன்னதாகத்தான் எனக்குப் பட்டது. அதற்குள் போனிலிருந்து ஒரு பெண் குரல், பாட்டும் இல்லாமல் பேச்சும் இல்லாமல், செய்தி வாசிப்பதுபோலத் தமிழில் சொன்னது:

"உங்கள் மகன் நான்கு மாதங்கள் எனது மாவு அறையில் அழுதார்."

அவர் மறுபடி பேசினார். குரல் மறுபடி வாசித்தது.

"மூன்றாம் ஆண்டு அவர் குருமடத்தை விட்டு வெளியேறினார். எனது வீட்டின் மாடியில் தங்கினார். அவர் தனது வீட்டிற்குத் திரும்பிச் செல்ல விரும்பினார். எனது தொலைபேசியில் அழைத்தார். அவருடைய தந்தை பேசினார். தவறான எண் என்று தந்தை கூறினார். தந்தை தொலைபேசியை வைத்தார்."

சூடு குழாய் டக் டக் என்றது. அந்தக் குரல் கடைசியாக ஒன்றைச் சேர்த்தது: "ரொட்டியை உண்ணுங்கள். அது ஆறிவிடும்."

அம்மா அப்பாவைப் பார்த்தாள். "போன் வந்துச்சா?"

அப்பா ரொட்டியைப் பிய்த்துக்கொண்டிருந்தார். சின்னச் சின்னதாக, ஒரே அளவாக.

"உங்களைத்தான் கேக்கறேன். என் பிள்ளை போன் பண்ணினானா?"

"வந்துச்சு" என்றார் அப்பா.

"என்ன சொன்னீங்க?"

"ராங் நம்பர்னு சொன்னேன்."

அம்மா எழுந்து தன் தட்டைக் கழுவினாள். அப்பாவின் தட்டைத் தொடவில்லை. பிறகு ரொட்டிக்காரர் முன்னால் போய் நின்று, கைகூப்பி, "நீங்க நல்லா இருக்கணும்" என்றாள். போன் அதை அவர் மொழியில் சொன்னது. அந்த ஆள் விசித்து விசித்து அழத் தொடங்கினார். அத்தை வாழ்நாளில் முதல் தடவையாக ஒன்றும் சொல்லத் தெரியாமல் அவர் பக்கம் ரொட்டிக் கூடையை நகர்த்தினாள். அது அவர் கொண்டுவந்த கூடை.

அன்றிலிருந்து எனக்குப் பதவி உயர்வு. அப்பாவுக்கும் தம்பிக்கும் நடுவில் இருந்த வேலையோடு, அம்மாவுக்கும் அப்பாவுக்கும் நடுவில் ஒன்றும் சேர்ந்தது. "சட்டை இஸ்திரி போட்டாச்சுன்னு அவர்கிட்ட சொல்லு." "மாத்திரை எங்கன்னு அவகிட்ட கேளு."

நான் தம்பியைத் தனியாகப் பிடித்தேன். கோவில் பின்கட்டில் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தான்.

"ஏன்டா எங்கிட்டயாவது சொல்லியிருக்கக் கூடாதா?"

"சொல்லி? நீ அப்பாகூட சண்டை போடுவ. அம்மா சாப்பிடாம படுத்துப்பாங்க. அதுக்கு நான் இங்க மாவு பிசையறதே மேல்னு தோணுச்சு."

"அப்புறம் மறுபடி எப்படி உள்ள போன?"

"விடியக்காலைல ரொட்டி போட்டுட்டு, மிச்சத்தை எடுத்துட்டு ஆஸ்பத்திரிக்குப் போவோம். அங்க படுத்திருக்கறவங்க பக்கத்துல உக்காருவேன். பேச மொழி சரியா வராது, அதனால கேட்டுட்டு இருப்பேன். நாலு மாசத்துல இதுதான் நம்ம வேலைன்னு புரிஞ்சுது. நான் முதல்ல போனது வீட்ல கோவிச்சுக்கிட்டு. ரெண்டாவது தடவை போனதுதான் நெஜமா போனது."

அதாவது அப்பா அன்றைக்குப் போனை ஒழுங்காக எடுத்திருந்தால் இவன் வீட்டுக்கு வந்து, அத்தை மகளைக் கட்டி, இந்நேரம் ஏதாவது ஒரு அலுவலகத்தில் கோப்பு புரட்டிக்கொண்டிருப்பான். குருத்துவத்துக்கு எதிராக எங்கள் அப்பா எடுத்த ஒரே உறுதியான நடவடிக்கை திருச்சபைக்கு ஒரு சாமியாரைக் கொடுத்தது. ஆயர்கள் செய்கிற வேலை அது. இவர் உட்கார்ந்த இடத்தில் ஒரே வார்த்தையில் செய்திருக்கிறார்.

அதை அவரிடம் சொல்ல எனக்கு வாய் துறுதுறுத்தது. சொல்லவில்லை. சாயங்காலம் அவர் தானாகவே பாவசங்கீர்த்தனம் செய்யப் போனார். அந்தக் கோவிலின் பங்குத்தந்தைக்கு எண்பது வயது, தமிழில் ஒரு எழுத்து தெரியாது. அப்பாவுக்கு அவர்தான் பொருத்தமானவராகப் பட்டிருக்கிறார். இருபது நிமிஷம் உள்ளே இருந்தார். நாங்கள் வெளியே காத்திருந்தோம். கிழவர் ஒரு வார்த்தை புரியாமல் இருபது நிமிஷமும் குறுக்கிடாமல் கேட்டிருக்கிறார். எங்கள் வீட்டில் மொழி தெரிந்த ஒருவரும் அதைச் செய்ததில்லை. முடிவில் பாவமன்னிப்பு கொடுத்துவிட்டு மூன்று விரலைக் காட்டினாராம்.

"மூணுன்னா என்னன்னு அவன்கிட்ட கேளு" என்றார் அப்பா.

"அவர் எல்லாருக்கும் மூணுதான். மூணு பரலோக மந்திரம் சொல்லச் சொல்றாரு" என்றான் தம்பி.

"அவ்வளவுதானா?" அப்பாவுக்கு அளவு குறைத்துக் கொடுத்துவிட்டார்கள் என்று பட்டது. பெஞ்சில் போய் முழங்காலிட்டு முப்பது சொன்னார். எழுந்திருக்க நானும் கோவில் அம்மாளும் தூக்கிவிட வேண்டியிருந்தது.

மறுநாள் அருட்பொழிவு. கோவில் முக்கால்வாசி நிறைந்திருந்தது. ஆஸ்பத்திரித் தாதிகள், சக்கர நாற்காலியில் இரண்டு பேர், பஸ் ஓட்டுகிறவர்கள், பள்ளிக்கூட வாத்தியார்கள். எல்லாருக்கும் அவனைத் தெரிந்திருந்தது. எங்களைப் பார்த்துத் தலையாட்டினார்கள். முன்வரிசையில் நாங்கள் ஐந்து பேரும் அப்பாவின் அளவுப்படி உட்கார்ந்தோம். அத்தை தன் பங்குக்கு மேல் எடுத்துக்கொண்டதில் நான் பெஞ்சின் விளிம்பில் பாதி தொங்கினேன்.

தம்பியின் பெயரைக் கூப்பிட்டார்கள். "இதோ இருக்கிறேன்" என்று அந்த மொழியில் சொல்லிக்கொண்டு எழுந்தான். மன்றாட்டு மாலை பாடும்போது பீடத்துக்கு முன்னால் குப்புற விழுந்து படுத்தான், நெற்றி தரையில் பட. பாட்டில் புனிதர்களின் பெயர்கள் ஒவ்வொன்றாக வந்துகொண்டே இருந்தன.

"சில்லுனு இருக்குமே தரை" என்றாள் அம்மா.

அவளுக்கு அந்தப் பக்கம் ரொட்டிக்காரர் சத்தமாக அழுதுகொண்டிருந்தார். அத்தை பையைத் திறந்து, பொறுக்கியெடுத்து, இருந்ததில் இரண்டாந்தரமான ஒரு கைக்குட்டையை அவரிடம் கொடுத்தாள். அவர் மூக்கைச் சிந்தித் திருப்பிக் கொடுத்தபோது, "வெச்சுக்கோங்க, வெச்சுக்கோங்க" என்றாள்.

காணிக்கைக்கு அம்மா அப்பமும் அப்பா திராட்சை ரசமும் எடுத்துப் போக வேண்டும். சேர்ந்து நடக்கச் சொல்லியிருந்தார்கள். அம்மா இரண்டடி முன்னால் நடந்தாள். அப்பா எட்டி நடைபோட்டு எட்டிப் பிடிக்கப் பார்த்தார். அவர் வேகம் கூட்டினால் அவளும் கூட்டினாள். பாடகர் குழு பாட்டின் பாதிக்கு வருவதற்குள் இருவரும் ஆயர் முன்னால் போய் நின்றுவிட்டார்கள்.

பூசை முடிந்ததும் புதுக் குரு முதல் ஆசீர் கொடுத்தான். தாய் தகப்பனுக்குத்தான் முதலில். ஆனால் அம்மா எழுந்திருப்பதற்குள் அத்தை போய் முழங்காலிட்டுவிட்டாள். பிறகு அம்மா. அவன் கை அவள் தலையில் இருந்தபோது அவள் தோள் குலுங்கியது. பிறகு நான். எனக்குப் பின்னால் ரொட்டிக்காரர், தாதிகள், வரிசை நீண்டது. அப்பா வரிசையில் இல்லை. கடைசித் தூணருகே நின்று, தூண் நேராக இருக்கிறதா என்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

வரிசை ஓய்ந்ததும் தம்பி தானே அவரிடம் நடந்து போனான். நானும் பழக்க தோஷத்தில் பின்னால் போனேன்.

அப்பா தூணைப் பிடித்துக்கொண்டு முழங்காலிடப் பார்த்தார். முட்டி மடங்கவில்லை.

"நின்னுக்கிட்டே வாங்கிக்கலாம்பா" என்றான்.

அப்பா என் பக்கம் திரும்பவில்லை. "அன்னைக்கு நான் தெரிஞ்சேதான் சொன்னேன். குரல் அடையாளம் தெரியாம இல்ல" என்றார்.

"தெரியும்பா. உங்களை எனக்குத் தெரியாதா."

"மறுபடி பண்ணியிருக்கலாம்ல."

"பண்ணினேன். அடுத்த வாரம் ரெண்டு தடவை. மணி அடிச்சுக்கிட்டே இருந்துச்சு."

"நான் போனுக்கு எதிர்லதான் உக்காந்திருந்தேன்" என்றார் அப்பா. "எடுத்திருந்தா வந்திருப்பியா?"

"வந்திருப்பேன்."

"இப்ப அதுக்கு வருத்தமா?"

"இல்ல. எனக்கு இந்த வேலை பிடிச்சிருக்கு." அவன் குரல் மாறாமல் சொன்னான்: "ஆனா நீங்க எடுத்திருக்கணும்பா."

"ஆமா" என்றார் அப்பா.

தம்பி இரண்டு கையையும் அவர் தலைமேல் வைத்தான். அவன் உள்ளங்கையில் பூசியிருந்த கிறிஸ்மா எண்ணெயின் வாசனை எனக்கு எட்டியது. அப்பா கண்ணை மூடிக்கொண்டு, அடி வாங்கக் காத்திருக்கிற பையன் மாதிரி விறைத்து நின்றார். முடிந்ததும் அவனுடைய கையைப் பிடித்தார். எதற்குப் பிடித்தோம் என்று தெரியாமல், விடவும் தெரியாமல் வைத்திருந்தார். நான் அங்கே தேவைப்படவில்லை. போய்க் காபி குடித்தேன்.

ஊர் திரும்பிய முதல் ஞாயிறே அத்தை மாதர் சங்கத்தில் ஒரு மணி நேரம் பேசினாள். முதல் ஆசீர் தனக்குத்தான் கிடைத்தது என்றும், வெளிநாட்டுப் பிரமுகர் ஒருவர் தன் பக்கத்தில் உட்கார்ந்து உருகி அழுதார் என்றும் சொன்னாளாம். பிரமுகருக்கு என்ன தொழில் என்று யாரோ கேட்டதற்கு, "உணவுத் துறை" என்றிருக்கிறாள்.

அடுத்த வருஷம் ஒரு மாதம் விடுப்பில் வருகிறேன் என்று தம்பி எழுதினான். அந்தக் கடிதத்தை அப்பா எல்லாருக்கும் முன்னால் வைத்துப் படித்தார். பிறகு அவனுடைய பழைய அறைக்குப் போய், ஒன்பது வருஷமாகச் சேர்த்துவைத்த தன் நில வரைபடக் கட்டுகளை ஒவ்வொன்றாக வெளியே தூக்கிப் போட்டார்.

அம்மா மட்டும் அவரோடு பேசவில்லை. சமைத்தாள், பரிமாறினாள், துணி மடித்தாள். பேச்சு என் வழியாகத்தான். நான் கடைக்குப் போகிற நேரத்தில் வீட்டில் ஒரு சத்தமும் இருக்காது என்று பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார். ஊர் திரும்பிய பத்தொன்பதாம் நாள் நான் குளித்துக்கொண்டிருந்தபோது அம்மாவின் குரல் கேட்டது.

"மோட்டாரை அணைங்க. தொட்டி வழியுது."

வெளியே அப்பாவைத் தவிர வேறு யாரும் இல்லை. அப்பா செருப்புகூடப் போடாமல் ஓடுகிற சத்தம் கேட்டது, மோட்டார் நின்றது.